திரை அணைந்தபின் செயலிகளின் உயிர்நிலை: ஒரு தத்துவ விசாரணை

சைவ சித்தாந்தம் ஆன்மாவுக்கு ஐந்து அவத்தைகள் சொல்லும்: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம். ஆண்ட்ராய்டு செயலிக்கும் ஐந்தே. இதை யாரும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நமக்கு வாய்த்தது.

மூலநூல் 2015-இல் ஆண்ட்ராய்டு 6 அருளிய 'டோஸ்'. திரை அணைந்து, சார்ஜர் செருகாமல், போன் அசையாமல் கிடந்தால் சற்று நேரத்தில் செயலிகளுக்கு நெட் அறுபடும். இடையிடையே கதவு திறக்கும்; எல்லாம் முண்டியடித்து வேலையை முடித்துக்கொள்ளும். நேரம் ஆக ஆகத் திறப்பு அரிதாகும். அலாரம் வைத்து விழித்துக்கொள்ளும் சலுகையும் ஒரு செயலிக்கு 9 நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கிடையாது. சட்டைப்பையில் குலுங்கும் போன் தப்பித்துவந்தது. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 அதற்கும் அரைத்தூக்கம் விதித்தது.

அவத்தைப் பகுப்பு 2018-இல், ஆண்ட்ராய்டு 9-இல். கையில் இருப்பது, தினமும் புழங்குவது, அவ்வப்போது திறப்பது, அபூர்வமாய்த் திறப்பது என நான்கு. 2021-இல் ஆண்ட்ராய்டு 12 'கட்டுண்டது' என்ற ஐந்தாவதைச் சேர்க்க, சித்தாந்தக் கணக்கு நேரானது. அதில் விழுந்த செயலிக்குப் பின்னணி வேலை நாளுக்கு ஒரு தடவை, 10 நிமிடம்.

கட்டுண்டவனை எழுப்ப அருள் வேண்டும். கூகுள் வழியே அவசர முத்திரையோடு வரும் செய்தியே அது. டோஸைத் துளைத்து உரிய செயலியைச் சற்று நேரம் எழுப்பிவிடும். நள்ளிரவிலும் வாட்ஸ்அப் கால் ஒலிப்பது இதனால் என்க.

இனி கன்மம். ஒரு நோட்டிஃபிகேஷனைத் தொட்டாலே அந்தச் செயலி மேல் வகுப்புக்கு ஏறும். தொட்டது ஆசையாலா எரிச்சலாலா என்று ஆண்ட்ராய்டு கேட்பதில்லை. கடன் வேண்டுமா என்று நச்சரிக்கும் செயலியை 'என்ன எழவு இது' என்று ஒருவர் தொட்டுப் பார்க்கிறார். அதற்கு நனவு கிட்டுகிறது. கரண்ட் பில்லுக்கு மட்டும் திறக்கும் சாதுச் செயலியோ பேருறக்கத்தில். இந்த அநீதிக்குச் சித்தாந்தத்தில் விடையுண்டு. செட்டிங்ஸில் தேடத்தான் வேண்டும்.

தேடினால் பேட்டரிப் பகுதியில் கட்டவிழ்க்கும் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி உட்சமயம் வேறு: ஒன்றில் 'ஆட்டோஸ்டார்ட்', இன்னொன்றில், அண்மையில் திறந்தவற்றைக் காட்டும் 'ரீசன்ட்ஸ்' பட்டியலில் செயலியின் அட்டைக்குப் பூட்டு. பாட்டுச் செயலிக்கு இந்தத் தொல்லை குறைவு. 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று நோட்டிஃபிகேஷனில் பகிரங்கமாக நின்றுவிடுகிறது.

எஞ்சுவது துடைப்போர் மரபு. வீட்டுக்கொருவர், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த திருப்தியோடு ரீசன்ட்ஸில் உள்ள எல்லாவற்றையும் மேலே தள்ளுவார். போன் வேகமாகும் என்பது அவர் கொள்கை. அது பொருந்தாது, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் பேட்டரிதான் கூடுதலாய்ப் போகும். சில கம்பெனி போன்களில் தள்ளிய மாத்திரத்தில் செயலியின் உயிரே போய்விடும். பிறகு அவரே, "நீ அனுப்பின மெசேஜ் எனக்கு வரவே இல்லையே" என்று சண்டைக்கு வருவார். அவரது அவத்தை தனி ஆய்வுக்குரியது.