தாமதத்துக்குத் தே தாரிக்: மேரு மாமா பதில்கள்

பள்ளி விடுமுறை முடிந்தது. மாமாவுக்குத் தபால் குவிந்தது. தனியாக வெளிநாடு போய்வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் பார்த்த கதையை எழுதவில்லை. விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்த கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் முழுக்க அதுதான். காதல், கடன், ஜாதகக் கேள்விகள் அடுத்த விமானத்தில் வரும்.

கேள்வி: முதன்முறையாகத் தனியாகச் சென்னைக்குப் போகிறேன். விமான நிலையத்துக்கு எத்தனை மணி நேரம் முன்னால் போக வேண்டும்?
– பதற்றக்காரி, காப்பார்

விமான நிறுவனம் மூன்று மணி நேரம் என்னும். அப்பா ஆறு என்பார். அம்மா, முந்தின நாளே போய்ப் படுத்துக்கொள் என்பார். நிறுவனம் சொல்வதைக் கேளுங்கள், மருமகளே. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை மழையில் ஷா ஆலமைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்பதை அப்பாவிடம் கேளுங்கள். நிறுவனம் அந்தச் சாலையில் வந்ததில்லை.

கேள்வி: 1ஆம் முனையத்தில் நிற்க வேண்டியவன் 2ஆம் முனையத்தில் போய் நின்றேன். இதற்கு அபராதம் என்ன?
– இடம் மாறியவன், ரவாங்

ரயிலில் இரண்டு வெள்ளி, மூன்று நிமிடம். வியர்வைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

கேள்வி: ‘தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம்’ என்கிறார்களே, அந்தக் காரணம் யார்?
– தூக்கம் கெட்டவன், ஷா ஆலம்

பெரும்பாலும் பினாங்கு. இல்லையென்றால் லங்காவி, கோத்தா பாரு. மலிவுக் கட்டண விமானம் ஒரு நாளில் ஓர் ஊரோடு விடாது. விடியலில் கிளம்பி நாலைந்து ஊர் சுற்றும். ஒவ்வோர் ஊரிலும் அரை மணி நேரம் நின்றாலே அதிகம். காலையில் பினாங்கில் யாரோ ஒருவர் ஏற வராமல், அவர் பெட்டியைத் தேடி இறக்க நேரம் போனால், ராத்திரி சென்னை விமானத்தில் அது உங்கள் தலையில் வந்து விடியும்.

கவுண்டரில் ‘வந்துகொண்டே இருக்கிறது’ என்பார்கள். விமானத்தின் எண்ணைக் கைப்பேசிச் செயலியில் போட்டுப் பாருங்கள். அது இன்னும் கோத்தா பாருவில் ஏணி எடுக்காமல் நிற்பது தெரியும். தெரிந்து என்ன செய்ய என்கிறீர்களா? நாசி லெமாக் சாப்பிடப் போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

கேள்வி: மழை நின்று அரை மணி ஆகிறது. பெட்டிகள் வண்டியில் நிற்கின்றன, ஏற்றுகிற ஆளைக் காணோம். சோம்பேறித்தனமா?
– ஜன்னலோரத்தார், கிள்ளான்

மின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்தில் இடி அதிகம் முழங்கும் வட்டாரங்களில் ஒன்று. மின்னல் பக்கத்தில் வந்துவிட்டால், பெட்டி ஏற்றுபவர், எண்ணெய் நிரப்புபவர் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். மழை நிற்பது வேறு, மின்னல் விலகுவது வேறு. வெட்டவெளியில் இரும்பு வண்டியோடு நிற்பவர் அவர். குளிர்சாதனத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகத் திட்டுபவர் நீங்கள்.

கேள்வி: கைப்பையில் கொண்டுபோன மாங்காய் ஊறுகாயைப் பிடுங்கிவிட்டார்கள். ஊறுகாய் எப்போது திரவம் ஆனது?
– காரம் தணியாதவர், பந்திங்

2006 ஆகஸ்டில். லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்டதிலிருந்து கைப்பையில் 100 மில்லிக்கு மேல் குழைவானது எதுவும் ஆகாது. நெய், சம்பல், தயிர், ஊறுகாய் எல்லாம் ஒரே கட்சி. இறுகக் கட்டிப் பெரிய பெட்டியில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். பிடுங்கியதைக் குப்பையில் போடுவார்கள். ஊறுகாய் போட்டுக் கொடுத்த அத்தையிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: கொப்பரைத் தேங்காயையும் எடுத்துவிட்டார்கள் மாமா! அது என்ன வெடிகுண்டா?
– அதே ஊர், வேறு ஆள்

பாதி. எண்ணெய்ப் பசையுள்ள கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஐ.நா.வின் அபாயப் பொருள் பட்டியலில் அதற்கு 1363 என்று தனி எண்ணே உண்டு. பூஜை அறையில் சாது. விமானத்தின் சரக்கறையில் ரவுடி.

கேள்வி: ஏழு மணி நேரம் காத்திருந்தேன். ஒரு தண்ணீர் பாட்டிலோடு சரி. எனக்கு என்னதான் உரிமை?
– வறண்ட தொண்டை, சுங்கை பூலோ

நிறைய இருக்கிறது, யாரும் ஒலிபெருக்கியில் சொல்ல மாட்டார்கள். 2016இல் வந்த மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்புப்படி, இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, தொலைபேசி, இணையம். ஐந்து மணி நேரமாகி ராத்திரி தங்க நேர்ந்தால் ஹோட்டல் அறையும் போய்வர வண்டியும்.

2024 செப்டம்பர் 2 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. ஐந்து மணி நேரமானால், ‘எனக்குப் பயணமே வேண்டாம், பணத்தைக் கொடு’ என்று கேட்கலாம். எந்த வழியில் கட்டினீர்களோ அதே வழியில் 30 நாளில் திரும்பி வர வேண்டும். பணத்துக்குப் பதில் பயண வவுச்சரை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் தானாக நடக்காது. வாசலில் ஐம்பது பேர் கத்துவார்கள். நீங்கள் தனியாள், கத்தினாலும் எடுபடாது. மேசைக்குப் போய்த் தாமதத்தின் காரணத்தையும் நேரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். நீங்களே வாங்கிச் சாப்பிட்ட ரசீதை மடித்துப் பையில் வையுங்கள். எதிரில் நிற்பவர் பேனா எடுத்தால்தான் சில கவுண்டர்களுக்குச் சாப்பாட்டுக் கூப்பன் ஞாபகம் வரும்.

அப்போதும் அசையாவிட்டால் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் புகார் கொடுங்கள். முன்பு மாவ்காம் என்ற ஆணையம் பார்த்த வேலை. 2025 ஆகஸ்ட் 1 முதல் மாவ்காம் இதனோடு இணைந்துவிட்டது. பழைய பெயருக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் அது இரண்டாவது தாமதம்.

கேள்வி: சென்னையில் நான் இறங்கினேன், என் பெட்டி இறங்கவில்லை.
– மாற்றுத்துணி இல்லாதவர், பெட்டாலிங் ஜெயா

பெட்டி வரும் மண்டபத்தை விட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே உள்ள மேசையில் படிவம் எழுதிப் புகார் எண் வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் அப்படி ஒரு பெட்டி இருந்தது என்று சொல்ல நீங்களும் கடவுளும்தான் மிச்சம்.

பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கணக்கு. இது 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்குப் பணம் அது. நம் காசில் 8,000 வெள்ளிக்கு மேல் வரும்.

உடனே கனவு காண வேண்டாம், அது உச்சவரம்பு, பரிசுத்தொகை இல்லை. உள்ளே என்ன இருந்தது என்று ஆதாரம் கேட்பார்கள். சித்திக்கு வாங்கிய கோடாரித் தைலத்துக்கும் மைலோ டின்னுக்கும் ரசீது இருக்கிறதா?

கேள்வி: சென்னையில் வரிசையில் நின்ற ஒரு பாட்டி, ‘எனக்கு எடை கூடுது, இந்தப் பையை மட்டும் உன் கணக்கில போடு தம்பி’ என்றார். மறுக்க மனசு வரவில்லை.
– இளகிய மனசு, போர்ட் கிள்ளான்

மனசைக் கேட்காதீர்கள், சட்டத்தைக் கேளுங்கள். நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி, உங்கள் வசமுள்ள பையில் சரக்கு இருந்தால், தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்றுதான் அனுமானம். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் மேல். கட்டாய மரண தண்டனை 2023இல் போனது. மரண தண்டனை போகவில்லை.

பாட்டி உத்தமியாகவே இருக்கலாம். பையில் அதிரசமே இருக்கலாம். உட்கார இடம் பிடித்துக் கொடுங்கள், தண்ணீர் வாங்கிக் கொடுங்கள், கூடுதல் எடைக்குக் காசுகூடக் கட்டுங்கள். பையை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: திருச்சி விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரைக் காட்டி ‘குருவி’ என்று கிசுகிசுத்தார்கள். பாடுவாரா?
– அப்பாவி, செந்தூல்

பிடிபட்டால் பாடுவார். அடுத்தவருக்காகத் தங்கமும் மின்சாதனமும் கூலிக்குச் சுமப்பவர்களுக்கு நம் வழித்தடத்தில் அதுதான் பெயர். 2008இல் விஜய் படத்துக்கே தலைப்பானது. படத்தில் குருவி பறந்துவிடும். நிஜத்தில் சுங்க அதிகாரி இறகை எண்ணுவார்.

கேள்வி: தனியாகப் போகிறவன் கழிவறைக்குப் போனால் பெட்டியை யார் பார்ப்பது?
– அவசரக்காரன், பிரிக்பீல்ட்ஸ்

பெட்டியும் கூடவே வரும். தனிப் பயணி என்று ஒரு பிறவி இருப்பதே கட்டடக்காரர்களுக்குத் தெரியாது. கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே நீங்கள், சக்கரப் பெட்டி, முதுகுப்பை. மூவரில் ஒருவர் பீங்கான் மேல் ஏறினால்தான் தாழ்ப்பாள் விழும். முதலில் கவுண்டரில் பெட்டியை ஒப்படைப்பது, அப்புறம் காப்பி குடிப்பது. வரிசையை மாற்றினால் இதுதான் கதி.

கேள்வி: செப்பாங் 1ஆம் முனையத்தில் ஏரோட்ரெயின் ஓடுகிறதா, இல்லையா?
– பேருந்தில் நின்றவர், பூச்சோங்

1998இல் விமான நிலையம் திறந்தபோது ஓடத் தொடங்கிய ரயில். 2023 மார்ச்சில் படுத்தது, 2025 ஜூலை 1இல் எழுந்தது. இடையில் எல்லாரையும் பேருந்தில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சாப்பாடு என்ற விதி ரயிலுக்குச் செல்லாது. செல்லுமானால், இரண்டு வருடத்துக்கு மேலான தாமதத்துக்கு ஆளுக்கு எத்தனை தே தாரிக் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: செப்பாங்கில் பதினோரு மணி நேரம் கிடந்தேன். சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைக்குமா?
– முதுகுவலிக்காரர், மேரு

உள்ளூர்க்காரர் என்பதற்காகச் சலுகை காட்ட முடியாது, மருமகனே. தகுதிச் சுற்றிலேயே வெளியேறுகிறீர்கள். செப்பாங் சாதனை ஹசான் அல்-கொண்டார் என்ற சிரியாக்காரருடையது. 2018 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, 2ஆம் முனையத்தில், ஏறக்குறைய ஏழு மாதம்.

சொந்த நாட்டில் போர். இராணுவத்தில் சேர மாட்டேன் என்றவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் பார்த்த வேலையும் விசாவும் போய் மலேசியாவுக்கு வந்தார். இங்கே தங்கும் காலம் முடிந்தது. ஈக்குவடாருக்கு டிக்கெட் வாங்கினார், விமானத்தில் ஏற்றவில்லை. கம்போடியா போனார், திருப்பி அனுப்பினார்கள். இங்கே குடிநுழைவுக் கோட்டைத் தாண்டி வெளியே வரவும் முடியாது, எந்த விமானத்திலும் ஏறவும் முடியாது.

மாடிப்படிக்கு அடியில் தூக்கம். நாள்தோறும் விமானச் சாப்பாடு, அதே கோழி, அதே சோறு. ஆள் நடமாட்டம் அடங்கியதும் கழிவறையில் குளியல். தன் நிலையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டு, உலகத்தைச் சிரிக்கவும் கூசவும் வைத்தார். அக்டோபரில் பிடித்துத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். நவம்பர் 26 அன்று கனடாவின் வான்கூவரில் இறங்கினார். அவருக்குத் தாமதமானது விமானம் இல்லை, நாடு.

உலக அளவில் கேட்டால் பாரிஸ் விமான நிலையத்தில் 1988 முதல் 2006 வரை வாழ்ந்த ஈரானியர் மெஹ்ரான் கரிமி நாசேரி இருக்கிறார். 2022இல் அதே நிலையத்துக்குத் திரும்பி வந்து, அங்கேயே இறந்தார். உங்கள் பதினோரு மணி நேரத்தை இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஜனவரி நடுவில் போனபோது சென்னையில் இறங்க முடியாமல் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பினார்கள். அந்த வெயில் ஊரில் ஏது மூடுபனி?
– வழி தவறியவர், கோம்பாக்

பனி பாதி, பழம்பாய் மீதி. போகியன்று விடியற்காலையில் ஊரே பழைய பாயும் டயரும் கொளுத்தும்; மீனம்பாக்கம் ஓடுபாதை மறையும். 2018 போகியில் பட்ட பாடு பெரும்பாடு.

ரொம்பச் சிரிக்க வேண்டாம். 2005 ஆகஸ்டில் சுமத்ராப் புகையால் நம் போர்ட் கிள்ளானிலேயே அவசரநிலை அறிவித்தார்கள். அவர்கள் கொளுத்துவது சொந்தப் பாய். நமக்கு வந்தது அடுத்த வீட்டுக் காடு.

கேள்வி: கம்ப்யூட்டர் படுத்தால் விமானமும் படுக்குமா?
– பொறியியல் மாணவி, சைபர்ஜெயா

2024 ஜூலை 19ஐக் கேளுங்கள். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான புதுப்பிப்பு, உலகமெங்கும் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையோடு நிறுத்தியது. செப்பாங்கிலும் கையால் பதிந்தார்கள். இந்தியாவில் சிலருக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது. அழகான கையெழுத்துக்கு விமானத் துறையில் மதிப்பு உண்டு என்று நிரூபணமான நாள்.

கேள்வி: நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஆறு மணி நேரத் தாமதம் என்றேன். தாத்தா விழுந்து விழுந்து சிரிக்கிறார்.
– பேரன், பண்டமாரான்

சிரிக்கட்டும், உரிமை உண்டு. அவர் ‘ராஜுலா’வில் வந்திருப்பார். 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று 1970கள் வரை போய்வந்தது. மேல்தளத்தில் பாயை விரித்து ஏறக்குறைய ஒரு வாரம். தாமதம் என்று யாரும் புகார் எழுதவில்லை. எழுதினாலும் அந்தத் தபால் அதே கப்பலில்தானே போக வேண்டும்?

கேள்வி: விமானம் நாலு மணி ஐம்பது நிமிடம் தாமதம். ஐந்து மணி நேரம் ஆகப் பத்து நிமிடம் இருக்கையில் கதவைத் திறந்து ஏறச் சொல்லிவிட்டார்கள். இது தற்செயலா?
– சந்தேகப் பேர்வழி, தாமான் செந்தோசா

மாமாவுக்குச் சந்தேகப்படத் தெரியாது. நாலே முக்கால் மணி நேரம் கடிகாரம் பக்கமே திரும்பாதவர்கள், அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.