குறட்டைக்குப் பதில் சொன்ன பொம்மை

ஜப்பானில், நாகசாகி பக்கம் 'ஹென் நா' என்றொரு ஹோட்டல் 2015-இல் திறந்தார்கள். வரவேற்பறையில் டைனோசர் ரோபோ. அறைக்குள் ஒரு பொம்மை. விருந்தாளியின் குறட்டையை ஏதோ உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று நடுராத்திரியில் எழுப்பிவிடுமாம். 2019-க்குள் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சங்கம் வைக்காதது அவற்றின் தப்பு.

நம் சென்னையும் சளைக்கவில்லை. செம்மஞ்சேரியில் 2017-இல் ரோபோ உணவகம் வந்தது. ரோபோ தட்டை ஏந்தி மேசை வரை வரும். எடுத்து வைத்துக்கொள்வது நம் பாடு. குறுக்கே ஆள் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

மலைமேல் இருக்கும் மன்னவனூரில், ஒரு டீக்கடையில் இதைப் பெருமையாக எடுத்துவிட்டேன். கரண்டு போயிருந்தது. விறகடுப்பில் பால் பொங்கி வர, அக்கா கரண்டியால் அதை அடக்கினார்.

"மேல வந்து சேருமா தம்பி அது? பூம்பாறை வளைவுலயே வாந்தி எடுத்துரும்."

"எடுக்காதுக்கா, மெஷின்."

"சரி, குறுக்க காட்டுமாடு நின்னா?"

"நின்னுடும்."

"எம்புட்டு நேரம்?"

"மாடு போற வரைக்கும்."

"எங்க வீட்டுக்காரரும் அதத்தான் செய்றாரு. அவருக்கு சார்ஜ் போட வேண்டியதில்ல."

டம்ளர் வந்தது. சர்க்கரை கம்மியாக என்று நான் சொன்னதை மட்டும் அவர் காதில் வாங்கியிருக்கவில்லை. திரும்பச் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை.