லஃபீட் துரை

துரைக்கு அறுபது தாண்டிவிட்டது. லண்டன் சிட்டியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் உழைத்து, கடைசியில் கைக்கு வந்த தொகையோடு சர்ரே பக்கம் தோட்டம் வைத்த வீட்டில் குடியிருக்கிறார். நிஜத்தில் இவருக்குப் பல பெயர்கள், பல முகவரிகள். குணம் மட்டும் ஒன்று. உலகத்திலேயே உசத்தியான சிவப்பு ஒயின் இவரிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. அதில் ஒரு சொட்டுக்கூட இவர் நாக்கில் பட்டதில்லை.

மதுவிலக்குக் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கிளாஸ் இல்லாமல் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. ஆனால் அது சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுபடி விலையில் அடுக்கியிருக்கும் சிலி நாட்டுச் சரக்கு. அதை உறிஞ்சிக்கொண்டேதான் லஃபீட், லத்தூர், மார்கோ பெருமையெல்லாம் பேசுவார். மூன்றும் பிரான்ஸில் போர்தோ வட்டாரத்துத் தோட்டங்கள். 1855-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் ஒரு தரவரிசை போடச் சொன்னார். அதில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வரிசைக்குப் பதவி உயர்வு பெற்றது ஒரே ஒரு தோட்டம், மூத்தோன் ரோத்ஷில்ட், அதுவும் 1973-இல். நூற்றுப் பதினெட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய பிரமோஷன். இதைச் சொல்லும்போது துரையின் குரல் தழுதழுக்கும். சிட்டியில் அவருக்கே ஒரு பிரமோஷன் தள்ளிப்போனது உண்டு.

அவர் வாங்கும் முறையைக் கேட்டால் தலை சுற்றும். முந்தைய இலையுதிர்காலத்தில் பறித்த திராட்சை, அடுத்த வசந்தத்தில் இன்னும் பீப்பாயில் கிடக்கும். விமர்சகர்களும் வியாபாரிகளும் போர்தோவுக்குப் போய் அதைச் சுவைத்துத் துப்பிவிட்டு மதிப்பெண் போடுவார்கள். அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத் துரை இங்கிருந்தே பணம் கட்டுவார். பாட்டிலில் அடைத்துக் கைக்கு வர மேலும் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். இதற்கு 'ஆன் ப்ரிமூர்' என்று அழகான பிரெஞ்சுப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் இல்லாத பாட்டிலுக்கு இன்றைக்கே பணம் வாங்குகிறவன் நம் ஊரில் வேறு பெயர் எடுத்திருப்பான்.

மதிப்பெண் என்றதும் ராபர்ட் பார்க்கரைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க வக்கீல், 1982-ஆம் வருஷத்துப் போர்தோவை மற்றவர்கள் தயங்கியபோது துணிந்து புகழ்ந்து பேர் வாங்கியவர். நூற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை ஒயின் உலகில் நிலைநாட்டியதும் அவர்தான். அந்த அளவுகோல் ஐம்பதில்தான் ஆரம்பம். ஒயினாகப் பிறந்ததற்கே ஐம்பது மார்க். துரையிடம் ஒரு ஒயினின் ருசி எப்படி என்று கேளுங்கள், "தொண்ணூற்று எட்டு" என்பார். மணம்? "தொண்ணூற்று எட்டு." அதற்குமேல் அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

வாங்கியாயிற்று; எங்கே வைத்திருக்கிறார்? வீட்டில் இல்லை. வில்ட்ஷயர் மாவட்டத்தில் கோர்ஷம் என்ற ஊர்ப்பக்கம் பழைய கல் சுரங்கம் ஒன்று இருக்கிறது. யுத்த காலத்தில் வெடிமருந்து பதுக்கிய இடம். இப்போது அங்கே பூமிக்கடியில், மாறாத குளிர்ச்சியில், பணக்காரர்களின் ஒயின் படுத்துத் தூங்குகிறது. அது சுங்கவரி கட்டாத சரக்குக்கான கிடங்கு. பெட்டி அங்கேயே கிடக்கும்வரை தீர்வையும் இல்லை, இருபது சதவீத மதிப்புக்கூட்டு வரியும் இல்லை. வெளியே எடுத்த நிமிஷம் இரண்டும் தலையில் விழும். போதாக்குறைக்கு, வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒயின் என்று தெரிந்தால் வாங்குகிறவன் மூக்கைச் சுளிப்பான். அதனால் துரை தன் சொத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. நாளைக்கு ஹாங்காங்கில் ஒருவர் அதை வாங்கினாலும் பெட்டி நகராது. கணக்கில் பெயர் மட்டும் மாறும். அவரும் பார்க்கமாட்டார்.

நாய் பெற்ற தெங்கம்பழம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த ஜாதியைத்தான். என்ன, அந்த நாய்க்குத் தேங்காயின் அன்றைய விலை தெரியாது. துரைக்குத் தெரியும். காலையில் பல் தேய்க்குமுன் லிவ்-எக்ஸ் என்ற ஒயின் சந்தையின் விலைக் குறியீட்டைப் பார்த்துவிடுவார்.

மகள் கல்யாணத்தின்போது மனைவி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்: "ஒரே ஒரு பாட்டிலாவது எடுத்து மாப்பிள்ளைக்கு ஊற்றலாமே?" துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டு பாட்டில், ஆணி கழற்றாத மரப்பெட்டியில் இருந்தால் அது சொத்து. பதினொன்று ஆகிவிட்டால் வெறும் ஒயின். மாப்பிள்ளை கடைசியில் ஸ்பெயின் நாட்டு ஒயினைக் குடித்துவிட்டு "பிரமாதம்" என்றார். துரைக்கு அதில் இரட்டைச் சந்தோஷம்.

வரி விஷயத்தில்தான் அவருடைய நாக்கின் அருமை தெரியும். பிரிட்டிஷ் சட்டத்தில், ஐம்பது வருஷத்துக்குமேல் தாங்காது என்று கருதத்தக்க பொருள் தேயும் சொத்து. அதை விற்ற லாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. ஆகவே வரித்துறைக்கு எழுதும்போது, "ஐயா, இது அற்பாயுசுப் பண்டம், வினிகராகிக்கொண்டே இருக்கிறது" என்று உருகுவார். அதே நாள் மத்தியானம் வாங்க வருகிறவரிடம், "உங்கள் பேரன் குடிக்கலாம், அப்போதும் இளமையாக இருக்கும்" என்பார். இரண்டும் ஒரே பெட்டியைப் பற்றித்தான்.

ஏற்றமும் இறக்கமும் பார்த்தவர். 2008-இல் ஹாங்காங் ஒயின் மீதான தீர்வையை அடியோடு எடுத்தது. சீனப் பணம் லஃபீட்டின் மேல் கொட்டியது. தோட்டக்காரர்களும் சளைக்கவில்லை, 2008 அறுவடைப் பாட்டிலின் கண்ணாடியில், சீனர்களுக்கு ராசியான எட்டு என்ற எண்ணைச் சீன எழுத்தில் பொறிக்கப்போவதாக 2010-இல் அறிவித்தார்கள். உள்ளே இருந்த ஒயின் அதே ஒயின்தான். விலை மட்டும் துள்ளியது. துரை அந்த வருஷம் வீட்டுக் கூரையை மாற்றினார். அடுத்த வருஷமே சந்தை சரிய ஆரம்பித்தது. அப்போது அவரும் அவர் சகாக்களும் ஒரே ஆறுதலைச் சொல்லிக்கொண்டார்கள்: "விலை போனால் போகட்டும், குடித்துவிடலாமே!" யாரும் குடிக்கவில்லை. இறங்கின விலையில் குடித்தால் நஷ்டத்தை விழுங்கின கணக்கு. ஏறின பிறகு குடித்தால் லாபத்தை விழுங்கின கணக்கு.

அவர் கண் கலங்கும் கதை ஒன்று உண்டு. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமானது என்று சொல்லப்பட்ட 1787-ஆம் வருஷத்து மார்கோ பாட்டில் ஒன்றை, வில்லியம் சோகோலின் என்ற நியூயார்க் வியாபாரி 1989-இல் ஒரு விருந்துக்குக் கையில் எடுத்துக்கொண்டு போனார். எதிலோ இடித்து, ஓட்டை விழுந்து, இரண்டு நூற்றாண்டு ஒயின் தரையில் ஓடிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி 2,25,000 டாலர் கொடுத்தது. பழைய தொழில் பாசத்தில் துரை அழுவது அந்தக் கம்பெனிக்காகவும் இருக்கலாம். அந்த ஜெஃபர்சன் பாட்டில்களே அசல்தானா என்று பிற்பாடு பெரிய வழக்குகள் நடந்ததைச் சொன்னால், காது கேட்காததுபோல் சிலி ஒயினை ஊற்றிக்கொள்வார்.

போலி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே ஒயின் கலந்து, பழைய லேபிள் ஒட்டி, பெரிய மனிதர்களுக்கு விற்று, 2014-இல் பத்து வருஷம் சிறைத்தண்டனை வாங்கினார். மாட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் ருசிகரமானது. பர்கண்டியில் போன்சோ குடும்பம் 1982-இல் தயாரிக்கத் தொடங்கிய ஒரு ஒயினின் 1945-ஆம் வருஷத்துப் பாட்டிலை அவர் ஏலத்துக்கு அனுப்பியிருந்தார். நாட்காட்டி காட்டிக்கொடுத்தது, நாக்கு அல்ல. கோர்ஷத்தில் தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று துரைக்கு நடுராத்திரியில் ஒரு சந்தேகம் வருவது உண்டு. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்தால் பெட்டி போய்விடும். புரண்டு படுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் யார்மேல் பிரியம் என்று நினைக்கிறீர்கள்? குடிக்கிறவர்கள்மேல். லஃபீட் ஒரு வருஷத்தில் எத்தனை பாட்டில் செய்ததோ, அவ்வளவுதான். அந்த வருஷம் திரும்ப வராது. எங்கேயோ ஒருவர் ஒரு பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் மிச்சம் இருப்பவர்களின் சரக்கு அரிதாகிறது. அதனால் ஊரெல்லாம் நன்றாகக் குடிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும் மனிதர் இவர். இவருடைய கிளப்பில் ஒரு பழைய நண்பர் உண்டு. துரை வாங்கிய அதே வருஷத்து லத்தூரை அதே விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வறுத்த ஆட்டிறைச்சியோடு ஒவ்வொன்றாகத் திறந்து முடிக்கிற ஊதாரி. "ரசனை கெட்ட ஆள்" என்று துரை முதுகுக்குப் பின்னால் திட்டுவார். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த நண்பருக்கு நல்ல தரமான கார்க் திருகி ஒன்று வாங்கி, வண்ணக் காகிதத்தில் சுற்றி, தவறாமல் அனுப்பி வைக்கிறார்.