பொட்டலத் தீவனம்

வா தாயி, வா. கோடை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டு நேத்து வந்துட்டே, சந்தோசம். துணிமணி ஒரு பை, பிள்ளைகளுக்குத் தீவனம் ரெண்டு பை. எட்டயபுரத்துப் பக்கம் தாது வருசப் பஞ்சம் திரும்பவும் வந்துருச்சுன்னு யாரும் சொன்னாகளா? இருக்கட்டும், அந்த டப்பாவை இப்படிக் கொடு. நல்ல படம் போட்டிருக்கான், ஒரு பயல் எம்பி எம்பிப் பந்தடிக்கான். நம்ம சின்னவனும் ரெண்டு வருசமா இதைத்தானே குடிக்கான். எம்ப வேணாம், ஒருநாள் சோத்துக் கும்பாகிட்ட நடந்து வந்தாப் போதும்.

எனக்குக் கண்ணு மங்கல். பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருப்பானே, அதை நீயே வாசி. எந்தச் சரக்கு எடையில கூடவோ அதை முதல்ல எழுதணும்னு சட்டம் இருக்கு, அதனால வரிசையா வாசி. முதல்ல தானியம். சரி. அடுத்தாப்புல? சீனி. அதுக்கு அடுத்தாப்புல? லிக்விட் குளுக்கோசா? அது சீனிக்குப் பங்காளி, பேரை மாத்திக்கிட்டு அதே வீட்டுக்கே திரும்ப வந்திருக்கு. இந்த மாதிரிப் பொடியை எல்லாம் 'ஹெல்த் டிரிங்க்'னு போட்டு விக்காதீகன்னு 2024 ஏப்ரல்ல தில்லிக்காரன் இணையத்துல யாவாரம் பண்றவகளுக்கு எழுதினான். அப்படி ஒரு ஐட்டமே உணவுச் சட்டத்துல கிடையாதாம். அந்தக் கடுதாசி உன் வீட்டுக்கு மட்டும் வந்து சேரலை போல.

பொடி போடாட்டிப் பாலு குடிக்க மாட்டாங்கிறே. எப்படிக் குடிப்பான்? பாலுன்னா இனிக்கும்னு பாடம் நடத்துனது யாரு? ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல ஒரு வழிகாட்டி போட்டுச்சு. வளந்த ஆளுக்கே நாளைக்கு 25 கிராம் சீனிக்கு மேல வேணாங்குது. நம்ம டீக்கடைக் கணக்குல அஞ்சு ஸ்பூன். உன் புருசன் பஸ் ஸ்டாண்டுல பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தானே ஒரு கோலா, அது முந்நூறு மில்லிப் பாட்டில்னா அதுல மட்டும் 30 கிராம் தாண்டிரும். ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்குச் சீனியே சேக்காதேன்னு டாக்டருமாரு சொல்றாக. நாம முதல் பிறந்தநாளுக்கே கேக்கை வாயில அப்பி போட்டோ எடுக்கோம்.

பாலு கெட்டதுன்னு சொல்ல வரலை. பாலையே குடிச்சு வயித்தை நெப்புன கன்னுக்குட்டி வைக்கோலைத் திரும்பிப் பாக்குமா? பிள்ளையும் அப்படித்தான். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போனா, வயித்துல சோத்துக்கு இடம் இருக்காது. பாலுல இரும்புச்சத்தும் சொற்பம். அப்புறம் பிள்ளை வெளுத்துப் போய்ச் சொங்கி மாதிரி உக்காந்திருக்கான்னு டானிக் வாங்க அலையுவே. ஏலே பேராண்டி, நீ சிரிக்காதே. காலையில டீயில பிஸ்கட்டை முக்கி முக்கி ஊட்டுனது நீதானே? கீரையில, கம்புல கிடைக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்புல சேரவிடாமப் பிடிச்சு வச்சுக்கிடும் அந்த டீத்தண்ணி. அதுக்குப் பதிலு ஒரு நெல்லிக்காயோ கொய்யாக்காயோ சோத்தோட கொடுத்துப் பாரு, அந்த இரும்பு உடம்புல ஒட்டும்.

அடுத்தது ஊட்டுற கூத்து. நேத்து சாயங்காலம் திண்ணையில உக்காந்து பாத்தேன், டிக்கெட்டு வாங்காத நாடகம். நீ கும்பாவோட முன்னால, உங்க மாமியா தண்ணிச் செம்போட பின்னால, சின்னவன் செல்போனோட உரலைச் சுத்தி ஓடுதான். வாய் திறந்தா ஒரு உருண்டை உள்ளே. என்ன தின்னோம்னு அவனுக்கே தெரியாது. நான் ஆடு மேச்சவன் தாயி, எந்தக் குட்டிக்கும் போன் காட்டி மேச்சதில்லை. குட்டி முதநாளு புதுச் செடியை மோந்து பாக்கும், மறுநாளு நுனியை நக்கும், மூணாம் நாளு துப்பும், தாய் ஆடு தின்னுச்சுன்னா ஒருநாளு தானும் கடிக்கும். பிள்ளைக்கு ஒரு வெஞ்சனம் பிடிக்கிறதுக்குப் பத்து, பதினஞ்சு தடவை கூட ஆகுமாம். நீ ஒருநாளு அவரைக்காய் வச்சே, அவன் துப்புனான், 'இவனுக்கு அவரைக்காய் ஆகாது'ன்னு சாசனம் எழுதிட்டே. என்ன வைக்கணும், எப்ப வைக்கணுங்கிறது உன் பாடு. எம்புட்டுத் திங்கணுங்கிறதை அவன் வயித்துகிட்ட விட்டுரு.

தாய் ஆடு தின்னுச்சுன்னான்னு சொன்னேன் பாத்தியா, இடிக்கிற இடம் அதுதான். உன் புருசன் கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சுக்கிட்டே மகனைப் பாத்து 'காய் தின்னுடா'ங்கான். பயல் என்ன குருடனா?

என் கதையையே கேளு, 1956ல காமராசர் எட்டயபுரத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட ஆரம்பிச்சாரு. எனக்கு அப்ப ஏழு வயசு. ஆட்டை ஆத்தாகிட்ட விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போனேன், படிக்கத்தான் போனேன்னு உங்களுக்கு எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல காய்கறியைத் தொடாத பய நான். அங்கே பக்கத்துல உக்காந்தவன் பறிச்சிருவானோங்கிற பயத்துலேயே கத்தரிக்காயை முதல்ல முழுங்குனேன். வரிசையில உக்காந்தா நாக்கு வீம்பு பிடிக்காது. இப்பவும் 2022லேர்ந்து பள்ளிக்கூடத்துல காலையிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல்னு போடுதாக. உங்க மூத்தவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பீசு கட்டுற பள்ளிக்கூடம், டப்பாவுல நூடுல்ஸு.

அதுக்காகப் பழசு எல்லாம் அமிர்தம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உன் புருசன் பிறந்தன்னிக்கு நாக்குல தேன் தடவி சேனை வச்சது நான்தான். ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது, அதுல ஒரு விசக்கிருமி ஒளிஞ்சிருக்கும்னு பிறகுதான் நர்சம்மா திட்டுனா. தப்பிச்சது அவன் பாக்கியம். நாங்க கருப்பட்டிக்கு மாறிட்டோம் தாத்தான்னு பீத்திக்கிறானே, கருப்பட்டியும் இனிப்புதான்லே, கறுப்பா இருக்கதுனால பல்லு விட்டுருமா? கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கொடுத்தாக. பல் டாக்டரு சான்றிதழ் கொடுத்ததா யாரும் சொல்லலை.

வேற என்னதான் கொடுக்கன்னு கேக்கே. தட்டாம்பயறு அவிச்சுக் கொடு. கடலை கொடு, சின்னவனுக்கு மட்டும் முழுசாக் கொடுத்திராதே, மூச்சுக்குழல்ல போய் அடைச்சுக்கிடும், இடிச்சுக் கொடு. கம்மஞ்சோத்துல மோரை ஊத்திக் கரைச்சு வை. தாகம்னா பானைத் தண்ணி. அங்கன்வாடியில கொடுத்த சத்துமாவு எங்கேன்னு கேட்டா உங்க மாமியா கோழிக்கூட்டுப் பக்கம் கையைக் காட்டுதா. கோழி நல்லா வளத்தியா இருக்கு, பாத்தேன். அதுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தா டப்பாப் படத்துல போடலாம்.

சரி, ரெண்டு பையையும் எடுத்து என் டிரங்குப் பெட்டியில வை. கண்ணுல பட்டாத்தானே பிள்ளை கேக்கும்? கிரீம் பிஸ்கட்டு மேலாப்புல இருக்கட்டும், அமுங்கிரப் போகுது. அந்தச் சாக்லேட்டை ஜன்னல் ஓரத்துல வைக்காதே, உருகிரும். சாவியை நீ வச்சா அவன் அழுது வாங்கிருவான், என் அரைஞாண்லேயே கிடக்கட்டும்.

எங்க கிழவி என்னமோ அடுப்படியிலேர்ந்து கத்துதா. எனக்குச் சுகர் வந்து பன்னெண்டு வருசமாச்சாம், பெட்டியை எதுக்குப் பூட்டுதேன்னு கேக்கா. எலிக்குப் பயந்துன்னு சொல்லிரு தாயி.