மலிவு விலையில் குவாண்டம்

குவாண்டம் கணினியை மலிவாகச் செய்யப் போகிறோம் என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். சில்லு என்னவோ விரல்நக அளவுதான். அதைக் குளிரூட்டும் செலவுதான் ஆளைக் கவிழ்க்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சில்லின் கணக்கு அலகான மீக்கடத்தி க்யூபிட்டுக்கு 0.015 கெல்வின் வேண்டுமாம், விண்வெளியே 2.7 கெல்வின்தான்! அந்தக் குளிருக்கு ஹீலியம்-3 தேவை. தெருமுனை பலூன்காரரிடம் கிடைக்கிற ஹீலியம் அல்ல அது. ஹைட்ரஜன் குண்டுக்காகச் சேர்த்துவைத்த டிரிட்டியம் மெல்லச் சிதைந்து மிச்சம் வைக்கும் வாயு. டிரிட்டியம் பாதியாகக் கரையவே 12 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே சிக்கன விரும்பிகள் முதலில் சொந்தமாக ஓர் அணுகுண்டுக் கிடங்கு வைத்துக்கொள்வது உத்தமம். அப்படி என்னதான் கணக்குப் போடும் என்கிறீர்களா? 2001-இல் ஐபிஎம் விஞ்ஞானிகள் சோதனைக்குழாய்த் திரவத்தில் 7 க்யூபிட் அமைத்து, 15-ஐ 3, 5 எனப் பிரித்துக் காட்டினார்கள். அவசரமென்றால் வாய்ப்பாட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்.