கினைஃபும் வெட்நெஸ்டேயும்

பேத்தி தன் முழங்கைமேல் விரல்களைக் குறுகுறுவென்று ஊரவிட்டபடி “அ, அ, அ” என்றாள். எறும்புதான் கடித்துவிட்டதோ என்று பதறி, சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் படிக்கிறாளாம். ‘ஏ’ என்று சொல்லக் கூடாதாம். அது எழுத்தின் பெயர், சத்தம் வேறாம். எறும்புக்கு முந்தைய பாடம் பாம்பு. கையை நெளித்து ‘ஸ்ஸ்’. ஜாலி ஃபோனிக்ஸ் என்று பெயர். 26 எழுத்துக்கு 42 சத்தம். ஏ, பி, சி வரிசையைக்கூட மதிக்காமல் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று தொடங்குகிறது; அந்த ஆறை வைத்தே பிள்ளைகள் சின்னச் சின்னச் சொற்களைக் கூட்டிவிடலாமே! மாதக் கட்டணத்தைக் கேட்டபோது என்னிடமிருந்தும் ஒரு சத்தம் வந்தது. அது அந்த 42-இல் இல்லை.

எங்களுக்கு மூன்றாம் வகுப்பில்தான் இங்கிலீஷ். வாத்தியார் பிரம்பால் பலகையைத் தட்ட, கோவையிலை வாசம் போகாத சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, “பி யூ டி பட், பி யூ டி புட்” என்று வகுப்பே ராகம் போடும். இரண்டு பீக்கும் எங்கள் வாயில் வித்தியாசம் கிடையாது, உண்மையைச் சொன்னால் வாத்தியார் வாயிலும் கிடையாது, அதனால் ‘பால் பீ’, ‘பென் பீ’ என்று பிரித்துக்கொண்டோம் (பால் என்றால் குடிக்கிற பால் இல்லை). பட் பட் என்றால் புட் ஏன் புட் என்று கேட்ட ஒரு புத்திசாலி பத்துத் தடவை இம்போசிஷன் எழுதினான். நான்தான்.

அப்புறம் நாங்கள் கேட்கவில்லை, இங்கிலீஷையே தமிழாக்கிவிட்டோம். எழுதியதை எழுதியபடியே வாசிப்பது. புதன்கிழமை வெட்நெஸ்டே, கத்தி கினைஃப், தீவு இஸ்லாண்டு, சேர்ந்திருப்பது டோ-கெட்-ஹர். டிக்டேஷனில் ஓர் எழுத்து பிசகாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வில் கம்பீரமாக ‘இஸ்லாண்டு’ என்றேன். எதிரே இருந்த மூவரும் ஒரே சமயத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

பேத்தி கதை தலைகீழ். உச்சரிப்பு சுத்தம், நோட்டில் ‘செட்’டுக்கு எஸ், ஈ, டி. டீச்சர் சிவப்பு மையால் நடுவில் ஏ-யும் ஐ-யும் போட்டு, இது ‘ட்ரிக்கி வேர்டு’, மனப்பாடம் செய்யவும் என்று எழுதியிருந்தார். பாம்பு, எறும்பு எல்லாம் தாண்டி, கடைசியில் என் வாத்தியார் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்ததில் எனக்கு அற்பமாக ஒரு சந்தோஷம்.

அதைவிட வேடிக்கை, பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிற தமிழை அவள் பரீட்சைக்கு முதல் நாள் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்து உருப்போடுவது. நாங்கள் னையும் லையும் எழுத, முன்னால் ஒரு தும்பிக்கையைச் சுழித்துத் தூக்கவேண்டும். கை வலிக்கும். ஆனால் ‘யானை’ என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தும்பிக்கை இருந்தது! 1978-இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று 13 எழுத்துகளை மாற்றியது. நியாயமான காரியம்தான், எழுதவும் அச்சுக் கோக்கவும் சுலபம். தும்பிக்கை போய் யானை மட்டும் மிஞ்சியது.

போன வாரம், “தாத்தா, வண்டுக்கு எந்த ன?” என்று வந்து நின்றாள். பக்கத்தில் ட வந்தால் மூணு சுழி, ற வந்தால் ரெண்டு சுழி, த வந்தால் ந. அதனால்தான் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பேரே வைத்திருக்கிறார்கள் என்றேன். விதியைப் பேருக்குள்ளேயே ஒளித்துவைத்திருந்தார்கள். நாங்கள் பேரை மட்டும் உருப்போட்டோம். எனக்கே இது ஐம்பது வயதுக்குமேல்தான் உறைத்தது. அவள் நண்டு, கன்று, பந்து என்று எழுதிப் பார்த்தாள். எல்லாம் சரி.

“அப்போ மணலுக்கு?”

டவும் இல்லை, றவும் இல்லை. “அதெல்லாம் மனப்பாடந்தான் கண்ணு.”

நோட்டில் அதையும் குறித்துக்கொள்ள ஆரம்பித்தவள் ‘ம’வோடு நின்று நிமிர்ந்தாள்.

“மனப்பாடத்துக்கு எந்த ன, தாத்தா?”