மூச்சு வாங்கிய கதை

மூச்சு விடுவதற்கு அரை லட்ச ரூபாயில் ஒரு கருவி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்வதற்கு, கடலில் குதிப்பதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். புதுச்சேரியில் ஸ்கூபா கற்று, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று சான்றிதழ் வாங்கிய கையோடு எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது. வந்ததற்குக் காரணம், வாடகை ரெகுலேட்டரின் ரப்பர் வாய்ப்பகுதி. எனக்கு முன்னால் அதைக் கடித்தவர்களின் பல்தடம் அதில் அச்சாகப் பதிந்திருந்தது. கீழ்வரிசையில் யாருக்கோ ஒரு பல் இல்லை என்பதுவரை தெரிந்தது. அவ்வளவு நெருங்கிய பழக்கம் யாரோடும் வேண்டாம் என்று நினைத்தேன்.

"ஏங்க, அதை வாயில வெச்சுக்கிட்டா பேச முடியாதாமே?" என்றாள் மனைவி.

"முடியாது. கையால ஜாடைதான்."

"அப்ப வாங்கிக்கோங்க."

அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்தது மாமியார். "நம்ம அடுப்பு சிலிண்டர் தலையில மாட்டுறோமே, அந்த மாதிரிதானே மாப்பிள்ளை?" என்றார். சிரித்துவிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல, அவர் சொன்னதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதன் தலையில் மாட்டும் 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்' அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் 'செகண்ட் ஸ்டேஜ்', நாம் இழுக்கும்போது மட்டும் வால்வைத் திறந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. பிரான்சில் 1943-இல் கூஸ்டோவும் எமில் கானியானும் உருவாக்கிய, இந்தக் கருவியின் முன்னோடியான ஆக்வாலங்கின் பூர்வீகமும் கேஸ்தான். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களைக் கேஸில் ஓட்டுவதற்காகக் கானியான் செய்துவைத்திருந்த வால்வைத்தான் தண்ணீருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். என் மாமியார் அப்போது பாரிஸில் இருந்திருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பெரியப்பாவுக்குக் கருவியே பிடிக்கவில்லை. நாற்பது வருடமாகப் பிராணாயாமம் செய்கிறவர். "கும்பகம் பழகுடா. மன்னார் வளைகுடாவில முத்துக் குளிச்சவன் கல்லைக் கட்டிக்கிட்டு ஒரே மூச்சில இறங்கினான். அவன்கிட்ட என்ன மெஷின் இருந்துச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் மேலே இழுத்த மூச்சோடு இறங்கினான். நான் கீழே போய் இழுக்கிறேன். 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அப்போது கும்பகம் செய்தால் நுரையீரல் கிழிந்துவிடும். எனவே ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பதுதான். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். நாற்பது வருடச் சாதனையை நான் அவமதித்ததாக அத்தையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

மாடி வீட்டு ஐ.டி. தம்பி எக்ஸெல் ஷீட்டோடு வந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது, ஒப்பிடத் தெரியும். பிஸ்டனா டயஃப்ரமா, பேலன்ஸ்டா அன்பேலன்ஸ்டா என்று பத்துப் பதினைந்து கட்டங்கள். "அங்கிள், ஐரோப்பியத் தரச் சோதனையில 50 மீட்டர் ஆழத்தில நிமிஷத்துக்கு 62.5 லிட்டர் காற்று இழுத்துப் பார்க்கிறாங்க. இந்த மாடல்ல இழுக்கவே வேண்டாம், தானா வருது" என்றான். நான் 50 மீட்டரில் நின்று நிமிடத்துக்கு 62.5 லிட்டர் இழுக்கிறேன் என்றால், அந்த நேரத்தில் என் பிரச்சினை ரெகுலேட்டர் அல்ல. அடுத்த கட்டத்தில், உறைநீரிலும் பனிக்கட்டி பிடிக்காத சீல் வைத்த மாடல். குளிர்நீர் என்று அந்தத் தரவிதி சொல்வது 10 டிகிரிக்குக் கீழே. புதுச்சேரிக் கடல் 28 டிகிரி. அங்கே பனிக்கட்டி வேண்டுமென்றால் மீன் ஏலம் போடும் இடத்தில்தான் கேட்க வேண்டும்.

அன்பேலன்ஸ்டு மாடலில், சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சிழுப்பது சற்றே கனக்கும். எங்கள் பயிற்சியாளரோ 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டும் என்பார். அதுவரை அந்தக் கனம் எனக்குத் தெரியப்போவதில்லை. எனக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்தது, மீனைப் பார்த்த பரவசத்தில் நான் இழுத்த இழுப்பால். அதைக் குறைக்கும் மாடல் எந்தக் கடையிலும் இல்லை.

சென்னையில் ஒரு கடையில் நாலைந்து செட்டுகளைச் சிலிண்டரில் மாட்டிக் காட்டினார்கள். வால்வைத் திறந்ததும் குழாய்கள் ஒருமுறை துள்ளி விறைத்தன. நடுப் பொத்தானை அழுத்தினால் புஸ்ஸென்று ஒரு சீற்றம். ஒவ்வொன்றாக வாயில் வைத்து இழுத்தேன். எல்லாவற்றிலும் காற்றுதான் வந்தது. ரப்பர் வாடையில் மட்டும் லேசான வேறுபாடு.

"சார், இது டைட்டானியம். வெயிட்டே இருக்காது" என்றார் கடைக்காரத் தம்பி. உண்மைதான். விலையைப் பார்த்தபோது என் தலையும் அப்படித்தான் இருந்தது.

நான் இரண்டே கேள்வி கேட்டேன். முதலாவது, நான் போகும் இடங்களில் இருக்கும் சிலிண்டரில் இது மாட்டுமா? வால்வின் மேல் கவ்வும் யோக், உள்ளே திருகும் டின் என்று இதில் இரண்டு கட்சிகள். புதுச்சேரியில் எனக்குக் கிடைத்ததெல்லாம் யோக். ஐரோப்பா போகிறவர் டின் வாங்கி அடாப்டர் போட்டுக்கொள்ளட்டும். நான் மகாபலிபுரம் தாண்டினாலே வீட்டுக்குப் போன் செய்கிறவன்.

இரண்டாவது, "தம்பி, அடுத்த வருஷம் இதை யார் பிரிச்சு சர்வீஸ் பண்ணுவாங்க?" கம்பெனியைப் பொறுத்து வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ உள்ளே இருக்கும் ஓ-ரிங்குகளையும் வால்வு சீட்டுகளையும் மாற்றியாக வேண்டும். அதுவரை அருவியாகப் பேசிய தம்பி சற்று யோசித்தார். ஒன்றைத் தவிர மற்ற செட்டுகளை ஓசையில்லாமல் பெட்டிக்குள் வைத்தார். "அதெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பணும் சார். இதுன்னா நம்ம ஆளே பண்ணுவார், பார்ட்ஸும் இருக்கு." மிச்சமிருந்ததை வாங்கினேன். பித்தளையில் குரோம் பூசிய சாதாரண செட். கூடவே பிரஷர் கேஜ், மிதவை அங்கிக்கான குழாய், கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க மஞ்சள் நிறத்தில் இன்னொரு வாய். எக்ஸெல் ஷீட்டில் இதற்குக் கடைசிக்கு முந்தைய இடம். மாடி வீட்டுத் தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பில்லோடு வந்த சர்வீஸ் அட்டையை மனைவி நிதானமாகப் படித்தாள். "பழுதே இல்லாட்டியும் வருஷா வருஷம் காட்டணுமாமே?"

"ஆமா. உயிர் சம்பந்தப்பட்டதாச்சே."

"நல்லது. அன்னைக்கே உங்களையும் வெறும் வயித்தோட ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். போன மூணு வருஷமா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிட்டிருக்கீங்க."

பதில் சொல்லாமல் இருக்க வாய்க்கு வசதியாக ஏதாவது தேவைப்பட்டது. புது ரெகுலேட்டரை எடுத்துக் கவ்விக்கொண்டேன்.